ஆள் நுழைகிற மெஷின்

ஈச்சங்காட்டூரில் வெட்டுப்பட்டவன் சாவது என்கிற வழக்கம் நின்றுபோன மூன்றாம் வருஷம், பங்குனி மாதத்தில், நாகரத்தினம் தன் புருஷன் சென்னியப்பனைத் தைத்து மூடுவதற்கு ஒரு மெஷின் வாங்குவதென்று முடிவுசெய்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டபடியே முடிவுசெய்தாள், யாரிடமும் கேட்கவில்லை.

வழக்கம் எதனால் நின்றது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒன்றும் நம்பும்படி இருக்காது. நடந்தது இவ்வளவுதான். பொதுக்கிணற்றில் அன்றைக்குத் தண்ணீர் முறை யாருடையது என்கிற தகராறில், சென்னியப்பனின் சித்தப்பன் மகன் ராசப்பன், வாழைத்தார் அறுக்கிற அரிவாளால் அவனை இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். ரத்தம் வாய்க்காலில் இறங்கி வாழைக்குப் பாய்ந்தது, பாய்ந்து முடிந்ததும் நின்றது. பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர்கள் திரும்பி வந்தபோது சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து, "என்ற அருவா எங்கடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பொழுது சாய்வதற்குள் போய் ராசப்பனின் வயிற்றைத் திறந்துவிட்டு வந்தான். அவனும் சாகவில்லை.

அதிலிருந்து அப்படியே ஆகிப்போனது. காய்ச்சலிலும் மூப்பிலும் சாகிறவர்கள் வழக்கம்போலச் செத்தார்கள். இரும்பு பட்டோ பல் பட்டோ ஓர் உயிரும் போகவில்லை. வெட்டிய இடம் ஆறவில்லை, சீழ் வைக்கவில்லை, முதல் நாளுக்குப் பிறகு வலிக்கவுமில்லை, வாயைப் பிளந்தபடி அப்படியே இருந்தது. ஊர் கொஞ்ச நாள் மருண்டு பார்த்துவிட்டு, பிறகு ஆக வேண்டிய வேலையைப் பார்த்தது. ஆண்கள் வெற்றிலைப் பொட்டலத்தையும் செல்போனையும் காயத்துக்குள் செருகிக்கொண்டார்கள். டெய்லர்கள் பக்கவாட்டில் மூடி வைத்த பனியன் தைத்தார்கள். கறிக்கடைக்காரர் வெட்டிய ஆடு தலை வேறு உடல் வேறாக நின்று அசைபோட்டதில் மனம் நொந்து, பக்கத்து ஊரிலிருந்து கறி வாங்கி விற்கத் தொடங்கினார். பெண் கொடுக்க வந்தவர்கள் காடு தோட்டம் விசாரித்த கையோடு மாப்பிள்ளைக்கு எத்தனை வாய் என்றும் விசாரித்தார்கள், நான்குக்குக் குறைந்தவனுக்குப் பெண் இல்லை. ஆடிக்காற்று அடித்தால் ஆண்களெல்லாம் விசிலடித்தார்கள். தாங்களாக அடிக்கவில்லை, காற்று உள்ளே புகுந்து அடித்தது.

சாவில்லை என்றானதும் அரிவாளுக்கு என்ன மரியாதை? முன்பெல்லாம் வெட்டுவதற்கு ஒரு தலைமுறைப் பகை வேண்டும். இப்போது மீன்குழம்பில் புளி போதவில்லை என்பதே போதும். அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, ஊர் முழுக்க அப்படித்தான் திரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சென்னியப்பன் கட்சி ஒருபக்கமும் ராசப்பன் கட்சி மறுபக்கமும் கிணற்றுமேட்டில் கூடி, நாலு மணி டீ வரைக்கும் வெட்டிக்கொள்வார்கள். விரல்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். யாராவது பதறினால், "சாகவா போறான்?" என்று கேட்பார்கள்.

நாகரத்தினம் கரூர் கம்பெனிகளுக்கு மெத்தை விரிப்பு தைத்துக் கொடுக்கிறவள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மூன்றும் விலகாமல் சேர்த்துப் பிடிப்பதுதான் அவள் தொழில். புருஷனின் காயத்தில் ஈ புகாமல் இருக்க மிச்சப் பஞ்சை வைத்து அடைத்தாள், கையால் தைத்தும் பார்த்தாள். அவன் ஒரு தும்மல் போட்டால் நூல் அறுந்துவிடும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். போன மாசம் ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்ததற்கு அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அரிவாள்மனையை வீசினான். அது அவள் முன்கையை முழங்கை வரைக்கும் பிளந்தது. கெட்டவன் என்றால் அவளுக்கு ஆறியிருக்கும். முன்பு அவள் விரலில் ஊசி ஏறினால்கூட வாயில் வைத்து உறிஞ்சிவிட்ட மனுஷன் அவன். அன்றைக்கு அந்தப் பிளவைப் பார்த்துவிட்டு, "சாகவா போறே அம்மிணி, மோர் ஊத்து" என்றான். வலி என்றால் என்ன என்பதே இந்த ஆளுக்கு மறந்துபோய்விட்டது, இவனை மூடினால்தான் இனி இவனோடு வாழ முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

கோயம்புத்தூரில் பெரிய தையல் மெஷின்கள் விற்கிற கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அளவு பார்க்காமல் எப்படி வாங்குவது? கடையில் இருந்த ஜெபராஜ் என்கிற விற்பனைக்காரர் நல்ல மனுஷன், யார் என்ன கேட்டாலும் அதற்கொரு மாடல் உண்டு என்று நம்புகிறவர்.

"லாங் ஆர்ம் மெஷின், வீட்டு உபயோகத்துக்கு. சரிங்க மேடம். சிங்கிள் பெட் தைப்பீங்களா, டபுளா?"

"இவரைத் தைக்கோணுங்க" என்றாள் நாகரத்தினம்.

சென்னியப்பன் சட்டையைக் கழற்றிக் காட்டினான். ஜெபராஜ் குனிந்து பார்த்து, பஞ்சை விரலால் தள்ளி, டேப்பை எடுத்து தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்தார். பிறகு பக்கவாட்டில் நிற்கச் சொல்லி தடிமனையும் அளந்து குறித்துக்கொண்டார். "நீளம் பிரச்சினையே இல்ல. தொண்டைதான் பாக்கணும். தொண்டைன்னா ஊசிக்கும் பின்னால இருக்கிற தூணுக்கும் நடுவுல உள்ள எடம். சாதா மெஷின்ல ஏழு இஞ்ச், ஒரு தொடைகூடப் போகாது. இதுல இருபத்தாறு இருக்கு. சார் தாராளமா நுழைவாரு."

மூன்று மெஷின்களைக் காட்டினார். முதலாவது மேஜையோடு வருவது. மெஷின் அசையாது, துணியைத்தான் தள்ள வேண்டும். இந்த ஆளைத் தள்ள யாரால் முடியும் என்று அதை விட்டாள். இரண்டாவது கம்ப்யூட்டர் வைத்தது, பொத்தானைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம், அதுவே மயில் போடும், மாங்காய் போடும். சென்னியப்பனுக்கு அதன்மேல்தான் ஆசை. "நெஞ்சுல மயிலு போட்டா ராசப்பன் வயிறெரிஞ்சு போவான்" என்றான்.

"வேண்டாமுங்க. வெட்டுனவன் கோடு போட்டா வெட்டுனான்? அது வளைஞ்ச பக்கமெல்லாம் நானும் வளையோணும்" என்றாள் அவள்.

மூன்றாவது, பன்னிரண்டு அடி இரும்புச் சட்டத்தின்மேல் தண்டவாளத்தில் ஓடுகிற மெஷின். துணி படுத்துக் கிடக்கும், தைக்கிறவள் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து மெஷினை அதன்மேல் நடத்திக்கொண்டு போவாள். கை வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் தையல் ஒரே அளவில் விழுகிற மாதிரி அதில் ஒரு சாதனம் இருந்தது. ஜெபராஜ் அதை இரண்டு தடவை சொன்னார், அவள் மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"எனக்குக் கோவத்துல கை நடுங்குச்சுன்னா?"

"நடுங்கட்டும் மேடம். தையல் நடுங்காது."

அதையே எடுத்தாள். சென்னியப்பன் மயிலை நினைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

மெஷின் லாரியில் வந்து இறங்கியது, வரவேற்பறையில் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை நிறுத்தினார்கள். பொருத்த வந்த பொன்னுரங்கம் எல்லாத் திருகும் முடுக்கிவிட்டு, ஸ்விட்சுப் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தறியாகட்டும் நெல் மெஷினாகட்டும், அந்தப் பக்கத்தில் புது மெஷின் ஓடுவதற்குமுன் ஒரு சேவலைக் காவு கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் ஓட்டுகிறவர் விரலையோ உயிரையோ மெஷினே எடுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

"சேவல் சாகாதேங்க இந்த ஊருல" என்றாள் நாகரத்தினம்.

"அறுக்கறது நம்ம கடமை ஆத்தா, சாகறது அது பாடு."

அறுத்தார்கள். சேவலின் உடல் எழுந்து மெஷினை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் குப்பையைக் கிளறப் போனது, தலை தட்டில் கிடந்து கூவியது. இது காவில் சேருமா சேராதா என்று பொன்னுரங்கமும் அக்கம்பக்கத்தாரும் காப்பி ஆறும்வரை வாதாடினார்கள். நாகரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. சேவலைப் பிடித்துச் சட்டத்தில் கிடத்தி, தலையைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, மெஷினைப் போட்டாள். அறுத்த கையோடு தைத்ததில் இருபது தையலில் கழுத்து சேர்ந்தது. சேவல் இறக்கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. நூலை மாற்றினாள். "நீங்க ஏறுங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் சிரித்துக்கொண்டேதான் ஏறிப் படுத்தான். அவள் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு பக்கத் தோலையும் கூட்டிப் பிடித்து, தோளில் ஊசியை இறக்கினாள். மெஷின் கடகடவென்று நெஞ்சைக் கடந்து விலாவில் இறங்கி, வழியில் இருந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டுகளையும் மூடிக்கொண்டு இடுப்புக்குப் போனது. அவள் கை நடுங்கியது, தையல் நடுங்கவில்லை. கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்ததும் சென்னியப்பன் போட்ட அலறலில் மூன்று வீட்டு நாய்கள் எழுந்து ஊளையிட்டன. மூன்று வருஷத்து வலியும் சேர்ந்து வந்து அவன்மேல் உட்கார்ந்திருந்தது. புரண்டான், சட்டத்தைக் கடித்தான், "கொன்னுட்டாளே பாவி" என்று அழுதான். நாகரத்தினம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள், ஆனால் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் தைத்த சேவலை ஒரு நாய் கவ்வி உதறியது. சேவல் செத்துவிட்டது. சும்மா கிடக்கிறது என்று நினைத்து ஆளாளுக்குக் காலால் நிமிண்டிப் பார்த்தார்கள், அது எழவில்லை. பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஊரே வரிசையில் நின்று அந்தச் செத்த சேவலைப் பார்த்தது, குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அப்போ தெச்சா செத்துப்போவாங்களா?" எல்லோரும் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்கள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப்பின் அவன் ஆளே மாறிப்போனான். காய்கறி நறுக்கினால்கூடத் தள்ளிப்போய் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றுமேட்டுக்குப் போகவில்லை, மாவரைத்துக் கொடுத்தான். ஒருநாள் மனைவியின் முன்கையைப் பிடித்துப் பிளவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நானா பண்ணுனேன்?" என்று கேட்டான். ஊர் ஆண்கள் அவனைச் சேவல் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஊர்ப் பெண்கள் சிரிக்கவில்லை. அந்த மாசமே பதினோரு பெண்கள் தங்கள் புருஷன்மாரை மாட்டுக்கயிற்றில் கட்டி, பாயில் சுருட்டி, கட்டைவண்டியில் போட்டு நாகரத்தினத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் பதினோரு பேரையும் தைத்தாள். பதினோரு வீடுகளில் நல்ல பேச்சு கேட்டது.

சென்னியப்பன் இப்போது சாகக்கூடியவன் என்கிற சேதி ராசப்பனுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இலை எடுக்கிற நேரத்தில், அவன் அரிவாளோடு வந்தான். மூன்று வருஷமாக வெட்டி வெட்டிச் சலித்த கை, இன்றைக்குத்தான் வெட்டுக்கு ஒரு பயன் கிடைத்தது என்கிற மலர்ச்சி அவன் முகத்தில் இருந்தது. சென்னியப்பன் எழுந்து ஓட இடமில்லாமல் மெஷினின் சட்டத்துக்கு அடியில் புகுந்தான்.

"தள்ளுங்க அண்ணி. உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்றான் ராசப்பன்.

"ஏஞ் சாமி, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ. வெட்டாதே."

அவன் வெட்டினான். அரிவாள் அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி எலும்பில் மாட்டியது. அவன் காலை அவள் இடுப்பில் ஊன்றி அதை உருவிக்கொண்டான். அவள் சாகவில்லை, தலை ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டது, அவ்வளவுதான். ராசப்பன் சட்டத்தின்மேல் குப்புற விழுந்து, சந்து வழியாக அரிவாளைவிட்டுக் கீழே குத்தினான். ஒரு குத்து தரையில் விழுந்தது. ஒரு குத்து சென்னியப்பனின் காதைச் சீவியது, கீழேயிருந்து ரத்தமும் கதறலும் வந்தன. நாகரத்தினம் ஒரு கையால் ராசப்பனின் முடியைப் பற்றிப் புரட்டி, திறந்து கிடந்த அவன் வயிற்றை ஊசிக்கு நேராக இழுத்து, மறு கையால் மெஷினைப் போட்டாள். அவன் திமிறினான், அவள் முகத்தில் வெட்டினான், கன்னம் தொங்கியது. மெஷின் நிற்காமல் ஓடியது. வயிறு மூடியது, விலா மூடியது, நூல் அறுந்தது. ராசப்பன் ஊர் நடுங்கக் கத்தினான். அரிவாள் அவன் கையிலிருந்து நழுவிச் சட்டத்துக்கு அடியில் விழுந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, குழந்தை அழுவதுபோல, "வலிக்குது அண்ணி, வலிக்குது" என்றான்.

"தெரியுது சாமி. அப்படித்தான் வலிக்கும்" என்றாள் அவள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

சென்னியப்பன் அடியிலிருந்து அரிவாளோடு எழுந்தான்.

"வேண்டாமுங்க!" என்று அவள் கத்தினாள். அவனுக்கு அந்த வெட்டு பயத்தில் வந்ததா, பழைய பழக்கத்தில் வந்ததா என்று பிறகு எத்தனையோ தடவை அவள் யோசித்திருக்கிறாள். ஒரே வெட்டு, கழுத்தில். ராசப்பன் கொஞ்சம் ஆச்சரியப்பட்டவன்போலப் பார்த்தான். ரத்தம் வந்தது, நிற்கவில்லை. மூன்று வருஷத்துக்குப்பின் ஈச்சங்காட்டூரில் ஓர் ஆளை ஓர் ஆள் கொன்றான்.

ராசப்பனின் மனைவி மருதாயி ஓடிவந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, "எந்திரிங்க, எந்திரிங்க" என்று உலுக்கினாள். வெட்டுப்பட்டவன் எழுந்திருப்பான் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம். எழவில்லை என்று தெரிந்ததும் முந்தானையால் அவன் கழுத்தைப் பொத்தியபடி உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே அவளுடைய அண்ணன் தம்பிகள் நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள், நாலு பேர் கையிலும் அரிவாள். நாலு பேரும் தைக்காதவர்கள்.

சென்னியப்பன் நாகரத்தினத்தின் காலைக் கட்டிக்கொண்டான். "பிரிச்சு உடு நாகு. தையலப் பிரிச்சு உடு. ஒரே நிமிசம். உன்ற கால்ல உழறேன், அப்புறம் அவனுக என்னமும் பண்ணட்டும்."

தையல் பிரிக்கிற சின்னக் கொக்கி மெஷினின் மேல்தட்டில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். பிரித்துவிட்டால் அவன் பிழைப்பான், மூன்று வருஷமாகப் பிழைத்த அதே பிழைப்பு. அவள் கொக்கியைப் பார்த்தாள், மருதாயியின் மடியில் கிடந்த தலையைப் பார்த்தாள். இந்த மனுஷனை அவள் வேண்டித்தான் தைத்தாள். இப்போதும் அவன்மேல் அவளுக்கு ஆசைதான்.

"மாட்டேனுங்க" என்றாள். "போய் நில்லுங்க, அவ முன்னால."

அவன் போய் நின்றான். காதிலிருந்து ரத்தம் சொட்டியது. மூத்தவன் பழனியப்பன் அரிவாளை ஓங்கிக்கொண்டு தங்கையைப் பார்த்தான். "சொல்லு மருதா. வெட்டட்டுமா?"

மருதாயி நிமிர்ந்தாள். சென்னியப்பனைப் பார்க்கவில்லை, அண்ணனின் விலாவில் பிளந்து கிடந்த மூன்று வாய்களையும், அதில் ஒன்றில் அவன் செருகி வைத்திருந்த பீடிக்கட்டையும் பார்த்தாள்.

"வெட்டுண்ணா. வேண்டாம்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா மொதல்ல அதுல ஏறித் தெச்சுட்டு வா. சாகத் தெரிஞ்சவன் வெட்டட்டும்."

கடைசித் தம்பி மெஷினைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் வைத்தான். நடுவில் இருந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனியப்பன் ரோஷக்காரன். பீடிக்கட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரத்தம் வழிந்த சட்டத்தில் ஏறிப் படுத்தான். "தெய்யுங்க" என்றான்.

கன்னம் தொங்க, தலை சாய, நாகரத்தினம் நூலைக் கோத்தாள். மூன்று வாயையும் மூடினாள். அவன் அலறி முடித்து, வியர்த்து, இறங்கி, அரிவாளை எடுத்துக்கொண்டு சென்னியப்பனுக்கு எதிரே போய் நின்றான். கூர் இருக்கிறதா என்று வழக்கப்படி கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். விரலில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்து ரத்தம் பூத்தது. அவன் அதைப் பார்த்தான். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான், முகம் வெளுத்துவிட்டது. பிறகு அரிவாளைச் சுவரோரம் சாத்திவிட்டு, விரலை அழுத்திப் பிடித்தபடி நாகரத்தினத்திடம் திரும்பினான்.

"வீட்ல மஞ்சத்தூள் இருக்குங்களா?" என்று கேட்டான்.